ஏழா, ஒன்பதா, பன்னிரண்டா?

சீலிங் ஃபேன் வந்த அட்டைப்பெட்டியை மாமா கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் அவர் வீட்டு வாசல், மே மாதத்து மதியம், பக்கத்தில் மகளின் ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாவும். வெட்டி முடித்த மூன்று துண்டுகளிலும் கொட்டை எழுத்தில் எண் போட்டார்: 7, 9, 12. பள்ளிக்கூடத்துப் புராஜெக்ட் வேலை மாதிரி இருந்தது.

"கடையில பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்குது மச்சான். நம்ம போட்டுல வெச்சுப் பாத்தாதான தெரியும்?"

மாமா என்றால் முறைக்கு மாமா. முப்பது அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறார். சில நாள் வலை, சில நாள் தூண்டில். பத்து வருடத்துக்கு மேல் அவரோடு கடலுக்குப் போய்வந்த கையடக்க ஜிபிஎஸ் இப்போது ஓய்வு கேட்கிறது. பட்டன்களில் எழுத்து அழிந்துவிட்டது, திரைக்குள் ஈரம் புகுந்து ஓர் ஓரம் கறுத்துக் கிடக்கிறது. புதிதாக வாங்கும் கருவியில் கடல் வரைபடமும் வேண்டும், அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் எக்கோவும் வேண்டும் என்பது அவர் திட்டம். கம்பெனிக்காரர்கள் இதைச் சார்ட் பிளாட்டர் என்கிறார்கள். குப்பத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் வராது. இடம் காட்டுவது ஜிபிஎஸ், ஆழம் காட்டுவது எக்கோ, அவ்வளவுதான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடப்பதால் பெயின்ட் கடை, எஞ்சின் மெக்கானிக், எலெக்ட்ரானிக்ஸ் கடை எல்லாம் திருவிழா போல இருக்கும். பேச்சும் அதுவாகத்தான் இருக்கும். எவன் எத்தனை இஞ்ச் வாங்கினான்? டிவி வாங்கும்போது நடக்கிற அதே போட்டி இங்கேயும் நடக்கிறது. பெரியது வாங்கியவன் பெரிய ஆள். மாமா அட்டையை வெட்டியதற்குக் காரணம் அந்தப் போட்டியில் எனக்குக் கிடைத்த ஒரு பாடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இஞ்ச் என்பது திரையின் மூலைவிட்டம், அகலமும் அல்ல உயரமும் அல்ல. ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருப்பது இரண்டே இஞ்ச் என்று தோன்றும். பரப்பில் பார்த்தால் ஒன்பது இஞ்ச் திரை ஏழைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். பன்னிரண்டு இஞ்ச் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. விலை அதே வேகத்தில் ஏறாவிட்டாலும், ஏழிலிருந்து பன்னிரண்டுக்குப் போகிறவர் ஏறக்குறைய இன்னொரு ஏழு இஞ்ச் கருவியின் காசையாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும். அந்தக் காசில் வேறு என்னென்ன வாங்கலாம் என்பதுதான் உண்மையான கேள்வி. அந்தக் கேள்வியைக் கடையில் யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

மறுநாள் காலை அட்டைகளை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போனோம். வைத்திக்குப்பத்துக்காரர் படகைத் தேங்காய்த்திட்டில் கட்டுவானேன் என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் கரை எங்களுடையது. ஆனால் படகை ஏற்றி வைக்க மணல் வேண்டுமே. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்பு நீட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தங்கிவிட, நகரத்துக் கரை அரித்துப்போனது. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் கிடக்கிறது.

இதற்கும் திரையின் அளவுக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம். வீட்டு வாசலில் நிற்காத படகில் விலையுள்ள கருவியை விட்டுவிட்டு வர முடியாது. தினமும் கழற்றி வீட்டுக்கு எடுத்துவர வேண்டும். ஏழு இஞ்ச் பெட்டி ஒரு கிலோ அளவில் முடிந்துவிடும், சாப்பாட்டுப் பைக்குள் போகும். பன்னிரண்டு இஞ்ச் இரண்டரை, மூன்று கிலோ. எக்ஸ்எல்லின் முன்னால் நிற்க வைத்துக் குழந்தையைப் பிடிப்பது போல ஒரு கையால் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பெரிய திரைகள் பலவும் மேசையில் துளை போட்டு நிரந்தரமாகப் பதிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. ஃபைபரில் மேசை எங்கே இருக்கிறது?

படகில் மாமா வழக்கம்போலக் கடையாலில் போய் நின்றார். எஞ்சினைப் பிடித்து ஓட்டுகிறவரின் இடம் அதுதான். அட்டைகளை நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினேன். பேட்டரிப் பெட்டி மேல் வைத்தால் அவர் கண்ணிலிருந்து ஒரு கை நீளம். குறுக்குப் பலகையில் வைத்தால் ஐந்தடி தள்ளிப்போகிறது. பலகையில் 7 என்ற அட்டை தீப்பெட்டியாகத் தெரிந்தது. பெட்டி மேல் வைத்தபோது அதே அட்டை போதுமானதாக இருந்தது. 12 என்ற அட்டை பெட்டி மேல் உட்காரவே இல்லை. வலை இழுக்கும் ஆள் காலை வைக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது முறை மாமாவின் கால் தட்டித் தண்ணீரில் விழுந்தது. அட்டை என்பதால் சிரித்தோம்.

நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கிட்டத்து எழுத்து மங்கும். மாமாவுக்கு ஐம்பத்திரண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு கடலில் ஓட்ட முடியாது, உப்புத் தண்ணீர் தெறித்தால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அதனால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டியது நியாயம். ஆனால் எழுத்தின் அளவை மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். ஆழம், வேகம், திசை என்று மூன்று எண்களை மட்டும் பெரிதாக நிறுத்திவிட்டு மற்றதை அணைத்துவிட்டால் ஏழு இஞ்சும் நன்றாகப் பேசும். பெரிய திரை வாங்கி அதில் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பி வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எதையும் படிக்க முடியாது.

எக்கோ கேட்கும் உயரம்

மீன்பாட்டுக்காக வாங்குகிறவர் வரைபடத்தைவிட எக்கோவைத்தான் அதிகம் பார்ப்பார். ஜப்பானில் நாகசாகி பக்கம் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மீன் காட்டும் கருவிதான் இந்த வகையில் உலகின் முதல் கருவி. கொள்கை இன்றும் அதேதான். படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒலியை அனுப்பும். கடல்நீரில் ஒலி விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடும். மீனிலும் தரையிலும் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமானது என்பதை ஆழமாக மாற்றித் திரையில் வரைகிறார்கள்.

இங்கேதான் இஞ்ச் கணக்கு ஏமாற்றும். முப்பது பாகம், அதாவது ஏறக்குறைய 55 மீட்டர் ஆழத்தை 480 புள்ளி உயரமுள்ள திரையில் வரைந்தால் ஒரு புள்ளிக்குப் பதினொன்றரை சென்டிமீட்டர் வரும். தரையை ஒட்டிப் படுத்திருக்கிற மீனைத் தரையிலிருந்து பிரித்துக் காட்ட இந்தப் புள்ளிகள்தான் உதவும். ஏழு இஞ்சிலும் 480, ஒன்பது இஞ்சிலும் அதே 480 என்று விற்கப்படும் மாடல்கள் உண்டு. அப்படியானால் காசு கொடுத்து வாங்கியது அதே படத்தின் பெரிதாக்கிய பிரதி. அதைத் தள்ளி நின்று பார்க்கலாம், கூடுதலாக எதையும் பார்க்க முடியாது. 800 புள்ளி உயரம் இருந்தால் அதே ஆழத்தில் ஒரு புள்ளிக்கு ஏழு சென்டிமீட்டர்தான். கடையில் "எத்தனை இஞ்ச்" என்று கேட்கிற வாயால் "மேலிருந்து கீழே எத்தனை புள்ளி" என்றும் கேட்க வேண்டும். விற்பவர் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் வரைபடமும் மறுபக்கம் எக்கோவும் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மேலும் கீழுமாகப் பிரித்தால் எக்கோவின் உயரம் பாதியாகும், அதோடு ஆழத்தின் துல்லியமும் பாதியாகும். இடமும் வலமுமாகப் பிரித்தால் உயரம் அப்படியே இருக்கும். குறைவது பழைய தடம்தான், இரண்டு நிமிடத்துக்கு முன் கடந்துபோன தரை. அது போனால் போகட்டும். ஏழு இஞ்சை நடுவில் நெடுக்காகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் ஏழரை சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் வரும், கைப்பேசித் திரையின் அகலம். அது போதும் என்பவருக்கு ஏழு. இரண்டையும் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே ஓட்டுவேன் என்பவருக்கு ஒன்பதில் நியாயம் இருக்கிறது.

டிரான்ஸ்டியூசர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒடுங்கிய கூம்பாக இறங்கும். இருபது டிகிரி கூம்பு என்றால் 50 மீட்டர் ஆழத்தில் சுமார் பதினெட்டு மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும், ஆனால் நுணுக்கமாகப் பார்க்கும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழத்துக்கும் அகலத்துக்குமானது. நாற்பத்தைந்து டிகிரி என்றால் அதே ஆழத்தில் நாற்பது மீட்டர் வட்டம். புதுச்சேரிக்கு வெளியே கடலடியில் பள்ளத்தாக்கே இருக்கிறது, தரை திடீரென்று இறங்கும். கரையோரத்தில் மட்டும் தொழில் செய்கிறவருக்கு 200 போதும். பள்ளத்தின் விளிம்பில் தூண்டில் போடுகிறவருக்கு இரண்டும் வேண்டும். எதை வாங்கினாலும் புரொப்பல்லர் கிளப்பும் குமிழியில் மாட்டாத இடத்தில் பொருத்த வேண்டும். குமிழி ஒலியைத் தின்றுவிடும், அப்போது பன்னிரண்டு இஞ்சில் பன்னிரண்டு இஞ்சுக்கும் புகைதான் தெரியும். அடிப்பகுதி முழுக்கக் கெட்டியான ஃபைபராக இருந்தால் உள்பக்கமே ஒட்டலாம். நடுவில் ஃபோம் இருந்தால் ஒலி தாண்டாது.

மூன்று மணிக்கு இருண்ட திரை

இப்போது என் பாடம். நாலைந்து வருடத்துக்கு முன் வேறொரு குப்பத்து நண்பர் தன் ஃபைபருக்குப் பன்னிரண்டு இஞ்ச் வாங்கினார். கடைக்காரர் பேச்சைக் கேட்டு அவரை ஊக்கப்படுத்தியதில் எனக்கும் பங்குண்டு. எழுதுகிறவன் அல்லவா, பெரிய படம் என்றால் ஆசை. முதல் ராத்திரி நானும் கூடப் போனேன். மாலையில் வெளிச்சம் இருந்தவரை திரை அற்புதம். இருட்டியதும் அது ஒரு தெருவிளக்காகிவிட்டது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேலாகும். பளீரென்ற திரையை ஒருமுறை பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். விளக்கில்லாமல் ஒரு கட்டுமரம் எங்களைத் தாண்டிப் போனது. அதிலிருந்தவர் சத்தம் போட்ட பிறகுதான் பார்த்தோம். வெளிச்சத்தைக் குறைக்க இரவுக்கான நிறம் மெனுவில் இருக்கிறது என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

விடிகாலை மூன்று மணிக்கு அந்தத் திரையும் அணைந்தது. பேட்டரி செத்துவிட்டது. கூடவே விளக்கும் போனது. கணக்கு மிகவும் எளிது, அதைக் கரையிலேயே போட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு இஞ்ச் முழு வெளிச்சத்தில் மூன்று ஆம்பியர் வரை குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு முப்பது ஆம்பியர் மணி. நண்பரிடம் இருந்தது 40 ஆம்பியர் மணி பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் குறையும். ஆக நிம்மதியாகக் கிடைப்பது இருபது. ஏழு இஞ்ச் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல்தான் எடுக்கும், பத்து மணி நேரத்துக்குப் பன்னிரண்டு. விசைப்படகில் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஏறும். சின்ன ஃபைபர்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை, பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிவந்துதான் சார்ஜ் போட வேண்டும். நண்பர் அந்தத் திரையை ஒரு விசைப்படகுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். என்ன விலைக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த விசைப்படகில் அது இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதில் ஆச்சரியம் இல்லை. வீல்ஹவுஸ் இருக்கிறது, கூரை இருக்கிறது, டிரைவர் நின்ற இடத்திலிருந்து திரை நாலடி. வாரக்கணக்கில் கடலில் தங்கும் படகில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பார்க்க வேண்டும். கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் அடையாளங்களும் வரைபடத்தில் சேர்ந்துகொள்ளும். இருபது மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு ஏஐஎஸ் கட்டாயமும்கூட. அங்கே பன்னிரண்டு ஆடம்பரம் ஆகாது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூரையில்லாத படகில் உச்சிவெயில் நேராகத் திரையில் விழும். வெளிச்ச அளவு ஆயிரம் நிட்ஸ் அளவுக்காவது இருக்க வேண்டும். வீட்டு டிவியில் சாதாரணமாக முந்நூறு சொச்சம் இருக்கும். மலிவு விலையில் பெரிய திரை தருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்கள். தொடுதிரையும் நமக்குச் சரிவராது. கையில் மீன் வழுவழுப்பு, திரையில் உப்புத் தண்ணீர். எங்கேயோ தொட்டால் எங்கேயோ திறக்கும். பட்டன் உள்ளதாக வாங்குவதே மேல். ஐபிஎக்ஸ்7 என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. ஒயர் சேரும் முனையைத் தினமும் நல்ல தண்ணீரில் துடைக்காவிட்டால் பச்சை பூத்துவிடும்.

திரைக்கு வெளியே

1836இல் பிரெஞ்சுக்காரர்கள் பீச்சில் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் இப்போது எரிவதில்லை. வம்பாகீரப்பாளையம் பக்கம் நிற்கும் புதிய விளக்கம் 1979இல் வந்தது. மாமாவின் அப்பா காலத்தில் கரையில் உயரமாகத் தெரிவதை ஒன்றுக்கு நேராக இன்னொன்று வைத்துத்தான் பாரைக் கண்டுபிடிப்பார்கள். கடலடியில் பாறை கிடக்கும் இடம்தான் பார், மீன் கூடும் இடம். மேகமூட்டம் வந்தால் பாரும் இல்லை, அன்றைய பாடும் இல்லை. ஜிபிஎஸ் வந்த புதிதில் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகு ஒரு பாரின் மேல் போய் நேராக நிற்க முடிந்தது. கையளவு கருவியே அதைச் செய்தது, திரை பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் அன்றும் இருக்கவில்லை.

எந்த அளவுத் திரையும் காட்டாதவையும் உண்டு. அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வரைபடத்தில் இருப்பது என்றோ அளந்த ஆழம். அங்கே அலை உடையும் இடத்தைக் கண்ணால் பார்த்துத்தான் நுழைய வேண்டும். வன்னி ஓடுகிறதா, தெண்டி ஓடுகிறதா என்று வலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதும் மாமாவின் கைதான். வடக்கிலிருந்து வரும் நீரோட்டம் வன்னி, தெற்கிலிருந்து வருவது தெண்டி. கருவி படகு நகரும் திசையைச் சொல்லும், வலை ஏன் சுருள்கிறது என்று சொல்லாது.

புயல் வருவதையும் அது சொல்லாது. 2017 ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டினால் கைப்பேசி டவர் கிடைக்காது, விஎச்எஃப் ரேடியோ இன்னும் கொஞ்சதூரம் எட்டும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரைப் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் 364 கோடி ரூபாய்ச் செலவில் தொடங்கினார்கள், ஒரு லட்சம் படகுகளுக்கு. செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் செய்தி போகும், எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும், ஆபத்தில் பட்டனை அழுத்தலாம். அதற்குப் பெரிய திரை தேவையில்லை, நப்மித்ரா செயலி வழியாகக் கைப்பேசியிலேயே படிக்கலாம். திரையில் மிச்சம் பிடிக்கும் காசில் ஒரு ரேடியோவும் நல்ல பேட்டரியும் லைஃப் ஜாக்கெட்டுகளும் வாங்கலாம் என்று சொன்னபோது மாமா தலையாட்டினார். லைஃப் ஜாக்கெட்டுக்கு மட்டும் ஆட்டவில்லை. அது தனிச் சண்டை, அக்கா பார்த்துக்கொள்வாள்.

கடைசியில் ஏழு வாங்கினார், 600 புள்ளி உயரமுள்ளது, பட்டன் வைத்தது. இரண்டு அலைவரிசை டிரான்ஸ்டியூசருக்கு வேறாகக் கொடுத்தார். ஒன்பது அட்டையைக் கடைசி வரை கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று ராத்திரி பழைய நோட்டிலிருந்து பாயிண்டுகளைப் புதுக் கருவியில் ஏற்ற உட்கார்ந்தோம். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, மீன் வாசனையோடு. மாமா படிக்கப் படிக்க நான் அழுத்தினேன். நாலாவது பாயிண்டில் எனக்குச் சந்தேகம் வந்தது. பழைய கருவி டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று காட்டியிருக்கிறது. புதியது டிகிரி, நிமிடம், விநாடி என்ற அமைப்பில் இருந்தது. நோட்டில் 55.50 என்றால் ஐம்பத்தைந்தரை நிமிடம். அதையே 55 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றினால் படகு அறுநூறு மீட்டருக்கும் மேல் வடக்கே போய் நிற்கும். பாருக்குப் பதில் வெறும் சேறு. அமைப்பை மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

பதினேழாவது பாயிண்ட் வந்ததும் மாமா நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது வேணாம். இதை நானே போட்டுக்கறேன்."

"நான் யார்கிட்ட மாமா சொல்லப்போறேன்?"

"நீ பத்திரிகைக்காரன்."

தடைக்காலம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவரோடு கடலுக்குப் போனேன். புதுக் கருவி பேட்டரிப் பெட்டி மேல், கை நீளத்தில். சங்கரா கொஞ்சம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு படகு மெதுவாக நெருங்கி வர, மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டார். மொத்தமும் மூடிக்கொண்டது. அந்தப் படகு தாண்டிப் போகும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பன்னெண்டு வாங்கிருந்தா வேட்டியதான் அவுத்துப் போட்டிருக்கணும்."